ஐந்தாவது மெட்டாடார்சலில் ஸ்க்ரூ போட்டாச்சு, கேம்ப் போகலாமா?

ரைடர்_தாரமங்கலம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கபடி ஆடுகிறேன், ஒரு கம்பெனி டீமில் ஒப்பந்த ஆட்டக்காரன், அதுதான் சம்பளம், வேறு வேலை கிடையாது. இடது காலில் சுண்டுவிரலுக்குப் பின்னால் வெளிப்பக்கமாக ஓடும் நீள எலும்பு, அதாவது ஐந்தாவது மெட்டாடார்சல், பயிற்சியில் உடைந்துவிட்டது. யாரும் பிடிக்கக்கூட இல்லை. ரெய்டு போய் கட் அடித்து, அதாவது சட்டென்று திசை மாற்றித் திரும்பினேன், டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜோன்ஸ் ஃபிராக்சர் என்றார்கள். ஆபரேஷன் செய்து எலும்புக்குள் நீளவாக்கில் ஒரு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள்.

இப்போது இரண்டாவது மாதம் முடியப்போகிறது. பூட் கழற்றியாச்சு, சேலம் ஐந்து ரோடு பக்கம் எல்லாரையும் போல நடக்கிறேன், வலி இல்லை, படி இறங்கும்போது மட்டும் வெளிப்பக்கம் ஒரு குத்தல். கடைசி எக்ஸ்ரேயில் கோடு இன்னும் லேசாகத் தெரிகிறதாம், இன்னும் ஒரு மாதம் போகட்டும், சிடி ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் ஓட்டம் என்கிறார் டாக்டர். ஆனால் டீமின் பயிற்சி கேம்ப் மூன்று வாரத்தில் ஆரம்பம். மேனேஜர் போன் போட்டு "நடக்கிறாய்தானே, அப்புறம் என்ன, தேவைப்பட்டால் ஒரு ஊசி போட்டுக்கொள்ளலாம்" என்கிறார். கேம்புக்கு வராதவனுக்கு ஒப்பந்தம் நீட்டிக்க மாட்டார்கள் என்றும் பேச்சு அடிபடுகிறது.

அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் கெவின் டுரான்ட், இதே எலும்பு, இதே ஆபரேஷன், ஏழு வாரத்துக்குள் கோர்ட்டுக்கு வந்துவிட்டார் என்று படித்தேன். அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் மூன்று மாதத்துக்கு மேல்? இன்னொன்று, மச்சான் ஏற்காட்டில் எஸ்டேட் வேலையில் இருக்கிறார், அங்கே போய்த் தங்கி கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஓடி ஸ்டாமினா ஏற்றிக்கொள்ளலாமா? அப்புறம் பாதத்தின் வெளி ஓரம் மரத்த மாதிரியே இருக்கிறது, ஷூ போட்டால் ஸ்க்ரூவின் தலை இடிக்கிற மாதிரியும் இருக்கிறது. வீட்டில் தினம் ஆட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல். பெரியப்பா வேறு, ஸ்க்ரூ எதற்கு, நாட்டுக்கட்டு போட்டிருந்தால் எப்போதோ சேர்ந்திருக்கும், பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சேர்ந்ததே என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி_பிசியோ எழுதியது:

தம்பி, நான் பிசியோதெரபிஸ்ட். உங்கள் ஸ்கேனைப் பார்க்காமல்தான் எழுதுகிறேன், அதனால் உங்கள் சர்ஜன் சொல்வதற்கு எதிராக இதில் எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் பக்கத்து வீட்டுப் பையன் கதையை முடித்துவிடுவோம். அதே எலும்பின் அடிநுனியில் ஒரு தசைநாரும் உள்ளங்கால் சவ்வும் பிடித்திருக்கும், கால் மடங்கும்போது அவை நுனியைப் பிய்த்துக்கொண்டு வரும். அது சாதாரண முறிவு, நல்ல ரத்த ஓட்டம் உள்ள இடம், பூட் போட்டாலும் சேரும், கட்டுப் போட்டாலும் சேரும், பல பேருக்கு ஒன்றுமே செய்யாமலும் சேரும். உங்களுக்கு உடைந்தது அதற்குச் சற்று முன்னால், அடிப்பகுதியும் தண்டும் சேரும் இடத்தில். இரண்டும் எக்ஸ்ரேயில் விரல்கடை தூரம்தான், ஆனால் ஆறுகிற விதமே வேறு. ராபர்ட் ஜோன்ஸ் என்ற லிவர்பூல் எலும்பு டாக்டர் 1902இல் இதை எழுதினார், அதில் முதல் நோயாளி அவரே. நடனம் ஆடும்போது உடைத்துக்கொண்டார். உங்களைப் போலத்தான், அவரையும் யாரும் தள்ளவில்லை.

அந்த எலும்புக்கு ரத்தம் இரண்டு பக்கமிருந்து வருகிறது. தண்டின் நடுவில் நுழையும் குழாய் ஒன்று, அடிப்பக்கத்தில் நுழையும் சிறு குழாய்கள் சில. உங்கள் முறிவு இருக்கும் இடம் இரண்டுக்கும் கடைமடை, மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும் அங்கே போய்ச் சேரும்போது கொஞ்சம்தான். அதனால்தான் விளையாட்டுக்காரர்களுக்கு யோசிக்காமல் ஸ்க்ரூ போடுகிறார்கள். ஸ்க்ரூ போட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சேர்ந்துவிடும், அந்தக் கவலை வேண்டாம். ஆனால் ஸ்க்ரூ எலும்பை ஆடாமல் பிடித்துக்கொள்கிறதே தவிர ஆற வைப்பதில்லை. உங்களுக்கு நடக்கும்போது வலி இல்லை என்றால் ஸ்க்ரூ நன்றாகப் பிடித்திருக்கிறது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். கோடு மறைவதற்கு முன்னால் கட் அடிக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்த உலோகம் ஒரு நூல் வளையும், வளைந்து வளைந்து ஒரு நாள் ஸ்க்ரூவே உடையும், இல்லையென்றால் எலும்பு மறுபடி அதே இடத்தில் உடையும்.

மரத்துப்போவது பெரும்பாலும் பாதத்தின் வெளி ஓரத்துக்கு உணர்வு தரும் சூரல் நரம்பு, ஸ்க்ரூ போடக் கீறும் இடத்துக்கு அருகிலேயே ஓடுகிறது, நிறைய பேருக்கு மெல்ல மெல்லச் சரியாகும். ஸ்க்ரூ தலை இடிப்பதையும், படி இறங்கும்போது வரும் குத்தலையும் டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் நாளைக்கே போன் செய்யுங்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் போன்கூட வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

சூப்பும் பிரண்டையும் நடக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் சூப்பில் கால்சியம் மிகக் குறைவு, நம்ம ராகிக் களியில்தான் அதிகம், 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

மூணு_பாயின்ட் எழுதியது:

டுரான்ட் பெயரை எடுத்துவிட்டீர்கள், அதனால் நான் வந்தே ஆக வேண்டும். அந்தக் கதையில் பாதியைத்தான் படித்திருக்கிறீர்கள்.

ஆபரேஷன் 2014 அக்டோபர் நடுவில். டிசம்பர் 2ஆம் தேதி ஆட வந்தார், நீங்கள் சொன்ன ஏழு வாரத்துக்குள்தான், சரி. அப்புறம் என்ன ஆனது? ஸ்க்ரூவின் தலை பக்கத்து எலும்பில் உரசி வலி, 2015 பிப்ரவரியில் இரண்டாவது ஆபரேஷன், ஸ்க்ரூவை மாற்றினார்கள். அதுவும் சரிவரவில்லை, எலும்பு சரியாகச் சேரவில்லை என்று மார்ச் கடைசியில் மூன்றாவது, இந்த முறை எலும்பு ஒட்டு வைத்து. அந்த சீசனில் அவர் ஆடியது மொத்தம் 27 மேட்ச், அணி ஆடியது 82. முந்தின வருடம்தான் எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியிருந்தார். மூன்றாவதுக்கு அப்புறம் அவசரப்படாமல் இருந்து அடுத்த சீசன் 72 மேட்ச் ஆடினார், இன்றுவரை ஆடிக்கொண்டிருக்கிறார். ஆக டுரான்ட் உதாரணத்தை உங்கள் மேனேஜரிடம் தாராளமாகக் காட்டுங்கள், முழுசாகக் காட்டுங்கள்.

இன்னொரு கூடைப்பந்துக்காரர் பென் சிம்மன்ஸுக்கும் இதே எலும்பு, 2016 செப்டம்பர் கடைசியில். அந்த சீசன் முழுக்க உட்கார வைத்தார்கள், ஒரு மேட்ச் இல்லை. மறு வருடம் சிறந்த அறிமுக ஆட்டக்காரர் விருது. பின்னால் அவருக்கு முதுகுப் பிரச்சினை எல்லாம் வந்தது, அது வேறு.

கால்பந்தில் நெய்மார். 2018 பிப்ரவரி 25இல் உடைந்தது, மார்ச் 3 பிரேசிலில் ஆபரேஷன், ஜூன் 3 குரோஷியாவுடன் நட்பு ஆட்டத்தில் இறங்கி கோலும் அடித்தார். மூன்று மாதம். உலகின் பணக்கார கிளப்களில் ஒன்று, உலகக் கோப்பை வாசலில் நிற்கிறது, அப்படியிருந்தும் மூன்று மாதம்! 2019 ஜனவரியில் அதே காலில் அதே எலும்பில் மறுபடி அடி, ஏப்ரல் வரை வெளியே. உங்கள் டாக்டர் சொல்லும் கணக்கு ஒன்றும் விசித்திரமானது இல்லை.

செய்தித்தாளில் வருவது திரும்பிய தேதி மட்டும்தான். மறுபடி ஆபரேஷன் டேபிளுக்குப் போன தேதி உள்பக்கத்தில் ஒரு மூலையில் வரும்.

ஏற்காடு_ஓட்டக்காரி எழுதியது:

தம்பி, ஏற்காட்டில் ஓடுகிற யோசனையை இப்போதைக்குத் தூக்கிப் போடுங்கள். நான் 1500 மீட்டர் ஓடியவள், அந்த ரோடு எனக்கு அத்துப்படி. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி. ஏறுவதில் நுரையீரல் வேலை செய்கிறது, அதுகூடப் பரவாயில்லை. கால் எலும்பை வாங்குவது இறக்கம், ஒவ்வொரு அடியும் பிரேக். நீங்கள் படி இறங்கினாலே குத்துகிறது என்கிறீர்கள், இருபது வளைவு இறங்கினால்? போதாததற்கு ரோடு வளைவில் சாய்ந்திருக்கும், ஒரு கால் எப்போதும் வெளி ஓரத்தில் அழுந்திக்கொண்டே இருக்கும், உங்களுக்கு உடைந்ததும் அந்த வெளி ஓரம்தான். மழை பெய்தால் பாசி, பனி விழுந்தால் எதிரே வரும் பஸ்ஸே தெரியாது, சீசன் நேரத்தில் வண்டிக் கூட்டம். குப்பனூர் வழி கூட்டம் குறைவு, ஆனால் இறக்கம் இறக்கம்தான். மச்சான் வீட்டில் போய்த் தங்குங்கள், காபி குடியுங்கள், ஏரியைச் சுற்றி மெதுவாக நடங்கள். அவ்வளவு போதும்.

ஸ்டாமினாவுக்கு வழி இருக்கிறது. டாக்டர் சரி என்றால் உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள், மிதிக்கட்டையில் குதிகாலை வைத்து மிதிக்க வேண்டும். காயம் முழுக்க ஆறியிருந்தால் தண்ணீரில் ஓட்டம். நெஞ்சளவு தண்ணீரில் நின்றால் காலுக்கு வருவது உடல் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான், இன்னும் ஆழமாகப் போய் மிதவை பெல்ட் கட்டிக்கொண்டால் கால் தரையிலேயே படாது. கபடிக்குத் தேவையான வெட்டு வெட்டான மூச்சை அதிலேயே பழக்கலாம், முப்பது விநாடி வேகம், கொஞ்சம் ஓய்வு, மறுபடி முப்பது. ஒரு ரெய்டும் அதே முப்பது விநாடிதானே.

எனக்கு உடைந்தது நாவிகுலர், பாதத்தின் மேட்டில் இருக்கும் எலும்பு. அது இதைவிட மோசம். கூடைப்பந்தில் யாவ் மிங்குக்கும் அந்த எலும்புதான், 2008இல் ஆபரேஷன், அப்புறம் பாதத்தில் மறுபடி மறுபடி பிரச்சினை, 2011இல் ஓய்வு அறிவித்தார். ஜோயல் எம்பீடுக்கும் அதே எலும்பு, 2014இல் ஒரு ஆபரேஷன், 2015இல் இன்னொன்று, இரண்டு சீசன் முழுக்க உட்கார்ந்தார், 2023இல் எம்விபி. என் கதை இரண்டுக்கும் நடுவில். காந்தி ஸ்டேடியத்தில் என்னோடு ஓடிய பெண்கள் டிராக்கில் இருக்க நான் கேலரிப் படியில் உட்கார்ந்து ரப்பர் பேண்டை இழுத்துக்கொண்டிருப்பேன். "நடிக்கிறாள்" என்று ஒரு கோச் என் காதுபடவே சொன்னார். எலும்பு உடைந்ததைவிட அதுதான் வலித்தது. உங்களுக்கும் யாராவது சொல்வார்கள், இப்போதே தயாராக இருங்கள்.

முக்கியமான ஒன்று, "ஊசி போட்டுக்கொள்ளலாம்" என்றாரே உங்கள் மேனேஜர், அது எந்த ஊசி என்று கேளுங்கள். ஊக்கமருந்துத் தடுப்பு விதிப்படி, வீக்கத்துக்குப் போடும் ஸ்டீராய்டு வகை ஊசி எதுவானாலும் 2022 முதல் போட்டி நேரத்தில் தடை, உடம்பில் எந்த இடத்தில் போட்டாலும் தடை. ஆபரேஷனுக்கு அப்புறம் வலிக்கு எழுதித்தரும் டிரமடால் 2024 ஜனவரி 1 முதல் போட்டி நேரத்தில் தடை. பழைய மாத்திரை அட்டை பையில் கிடந்து, வலிக்கிறதே என்று மேட்ச் அன்று ஒன்று போட்டால், ஊக்கமருந்து டெஸ்டில் மாட்டுவது நீங்கள், மேனேஜர் இல்லை.

ரைடர்_தாரமங்கலம் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டுரான்ட் மூன்று ஆபரேஷன் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. அக்கா, டிரமடால் அட்டை பையில் இருக்கிறது, இன்றைக்கே எடுத்துவிடுகிறேன். ஸ்க்ரூ இடிப்பதைப் பற்றி டாக்டருக்கும் போன் செய்துவிட்டேன், நேரில் வரச் சொன்னார்.

ஆனாலும் ஒரு கேள்வி. ரிஷப் பண்ட் உடைந்த காலோடு வந்து பேட்டிங் செய்தாரே? டீமில் எல்லோரும் அதைத்தான் அனுப்புகிறார்கள். மேனேஜரும் அந்த வீடியோவைத்தான் அனுப்பினார்.

அஸ்தம்பட்டி_பிசியோ எழுதியது:

வந்தார், 54 அடித்தார், நானும் எழுந்து நின்றுதான் கைதட்டினேன். 2025 ஜூலை, மான்செஸ்டர். அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்பதை அந்த வீடியோவோடு சேர்த்து யாரும் அனுப்பவில்லை போல. ஓவலில் அடுத்த டெஸ்ட் இல்லை, ஆசியக் கோப்பை இல்லை, அக்டோபரில் வெஸ்ட் இண்டீஸ் இங்கே வந்தபோதும் இல்லை, மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி மட்டையைத் தூக்கினார். பேட்டிங்கில் ரன்னை வேண்டாம் என்று நிற்கலாம், நொண்டலாம். ரெய்டு போய் நொண்டினால் ஆறு பேர் மேலே விழுவார்கள்.

நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால், உங்கள் எலும்பு இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2021 ஏப்ரலில் ஐபிஎல் நடுவிலேயே விலகி ஆபரேஷன் செய்துகொண்டார். அடுத்த வருட ஐபிஎல்லில் 18 விக்கெட். சேலத்துக்காரனுக்கு உதாரணம் தேட மான்செஸ்டர் வரை போக வேண்டியதில்லை.

ரைட்_கார்னர்_வாழப்பாடி எழுதியது:

நானும் கபடிதான், ஓரத்தில் நின்று ரைடரைப் பிடிக்கிற கார்னர், இப்போது பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாது, ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

தம்பி, நீ ரைடர். போனஸ் பாயின்ட் எடுக்க வேண்டும் என்றால் ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்ட வேண்டும், பின்னங்கால் காற்றில் இருக்க வேண்டும், அந்த நொடி மொத்த உடம்பும் ஒற்றைக் காலின் வெளி ஓரத்தில் நிற்கிறது. அங்கிருந்து தரையை உதைத்துத் திரும்பி வர வேண்டும். மேட், அதாவது ஆடுகிற விரிப்பு, வேறு காலைப் பிடித்துக்கொள்ளும், மண்ணில் கால் வழுக்கித் தப்பிக்கும், மேட்டின் மேல் ஷூ நின்றுவிடும், உடம்பு மட்டும் திரும்பும். கூடைப்பந்துக்காரனுக்கு ஆகிற கணக்கை வைத்து ரைடருக்குத் தேதி குறிக்க முடியாது. நான் பார்த்த வரையில் டாக்டர் சரி என்று சொன்ன பிறகும் நேராக மேட்டில் இறக்கிவிடக் கூடாது. முதலில் நேர் ஓட்டம், அப்புறம் எட்டுப் போடுவது, அப்புறம் எதிரில் ஆளே இல்லாமல் ரெய்டு, அப்புறம் தொட மட்டும் செய்கிற இரண்டு பேரை வைத்து. போனஸ் கடைசியில்தான். உடைந்த காலால் மட்டும் குதிகாலைத் தூக்கி நின்று பார், மற்ற காலால் எத்தனை முறை முடிகிறதோ அதில் பாதி வந்தாலே ஆச்சரியம். அந்தக் கெண்டைச் சதை திரும்பி வராமல் மேட் பக்கமே போகாதே, ஆனால் இந்தச் சோதனையையும் பிசியோ சரி என்ற பிறகு செய்.

உன் பழைய செருப்பை எடுத்துப் பார். வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் உனக்கு உள்ளங்கால் வளைவு அதிகமாக இருக்கலாம், எடை எல்லாம் வெளிப்பக்கம் போகலாம். ஈரக்காலோடு சிமெண்ட் தரையில் நடந்தாலும் தெரியும், நடுவில் தடமே விழாது. அப்படி இருந்தால் ஷூவுக்குள் வைக்கிற சோல் பற்றி டாக்டரிடம் கேள். நம்ம கபடி ஷூவுக்கு அடி மெல்லிசு, வளைத்தால் இரண்டாக மடங்கும், இந்தக் காலுக்கு அது ஆகாது.

கேம்ப் விஷயம். போகாமல் இருக்காதே, போ. ஆடப் போகாதே, டாக்டரின் கடிதத்தோடு போய் ஜிம்மிலும் வீடியோ பார்க்கிற அறையிலும் உட்கார். கண்ணில் படாதவனைத்தான் வெட்டுவார்கள். கடிதத்தில் எந்தத் தேதியில் சிடி, அதுவரை எது செய்யலாம் எது கூடாது என்று எழுதி வாங்கு. போனில் சொல்வதை எல்லாம் மேனேஜரை எழுத்தில் அனுப்பச் சொல், டாக்டர் வேண்டாம் என்றாலும் ஆடு என்று எழுதித்தர எந்த மேனேஜருக்கும் தைரியம் வராது. ஒப்பந்தத்தில் காயம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது வக்கீலிடம் காட்டு, பாதிப் பேர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் படிப்பதே இல்லை.

ரைடர்_தாரமங்கலம் எழுதியது:

அண்ணா, செருப்பைப் பார்த்தேன், வெளி ஓரம் முழுக்கத் தேய்ந்துபோயிருக்கிறது. வலது செருப்பும் அப்படியேதான்.

இன்று டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஸ்க்ரூ தலை அதே இடத்தில்தான் இருக்கிறது, நகரவில்லை, அந்த இடத்தில் அழுத்தாத அகலமான ஷூ போடச் சொன்னார். ஆட்டம் ஆடுகிற வரை ஸ்க்ரூவை எடுக்க வேண்டாமாம், எடுத்தால் அந்த இடம் பலவீனமாகி மறுபடி உடையலாம் என்றார். சிடி அதே தேதிதான், மாற்றமில்லை. கடிதம் வாங்கிவிட்டேன், மேனேஜருக்கும் அனுப்பிவிட்டேன், நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. சைக்கிளுக்குச் சரி என்றார், தண்ணீரில் ஓடுவதற்கும் சரி.

வைட்டமின் டி டெஸ்ட்டும் எழுதிக்கொடுத்தார். சேலம் வெயிலில் வளர்ந்தவனுக்கு அது எப்படிக் குறையும்?

அஸ்தம்பட்டி_பிசியோ எழுதியது:

நீங்கள் பயிற்சி எடுப்பது கூரைக்குக் கீழே, வெளியே வருவது விடிகாலையும் இருட்டின பிறகும். வெயில் ஊரில் இருக்கிறது, உங்கள் மேல் விழவில்லை. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் விளையாட்டுக்காரர்களுக்குப் பல டாக்டர்கள் மாத்திரை தருவார்கள், அளவை அவரே சொல்லட்டும், கடையில் கேட்டு நீங்களாக வாங்காதீர்கள், அதிகமானாலும் கெடுதல்தான். பீடி சிகரெட் எதுவும் இல்லையே? எலும்பு சேர்வதை அது நன்றாகவே தாமதப்படுத்தும்.

ரைடர்_தாரமங்கலம் எழுதியது:

சிகரெட் இல்லை. ரிசல்ட் வந்ததும் போடுகிறேன். அக்கா, மிதவை பெல்ட் சேலத்தில் எந்தக் கடையில் கிடைக்கும்?